அக்கா இல்லை, டீச்சர்

அவரை அக்கா என்று கூப்பிட்டால் புத்தகம் கிடைக்காது என்று, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அது அப்படியே உண்மையில்லை. புத்தகம் கிடைக்கும். அதற்கு முன்னால் ஒரு பாடமும் கிடைக்கும்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். பொருளாதாரத் துறையில் உதவிப் பேராசிரியராக நான் அங்கே சேர்ந்தபோது அவர் நூலகராக இருந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக்கடை என்ற ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எங்கள் மாவட்டத்தில் மழை யாரைக் கேட்டு வருகிறது, வேனிலிலும் பெய்யும். ஆனாலும் அவருடைய கஞ்சி போட்ட பருத்திச் சேலையின் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. சொல்லியும் கேட்காமல் நான் கவுண்டரில் போய் நின்று, "அக்கா, ஒரு புக் வேணும்" என்றேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் ஊரில் மூத்த பெண்ணிடம் பஸ்ஸில் இடம் கேட்டாலும் அக்காதான், சந்தையில் மீன் விலை கேட்டாலும் அக்காதான்.

"சாறு எந்த டிப்பார்ட்மெண்டு?"

"எக்கனாமிக்ஸ்."

"கிளாஸில பிள்ளைங்க உங்கள எப்பிடிக் கூப்பிடும்?"

"சாறுண்ணு."

"அண்ணேண்ணு கூப்பிட்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்கா எனக்க வீட்டுல. இஞ்ச டீச்சர். நான் உங்கள சாறுண்ணு கூப்பிடுதேன், நீங்க என்னெ டீச்சருண்ணு கூப்பிடுங்க. ரெண்டு பேருக்கும் சேதமில்ல."

எங்கள் பக்கத்தில் பாடம் எடுக்கிற ஆண் சாறு, அதாவது சார்; பெண் டீச்சர். ஆரம்பப் பள்ளியானாலும் பல்கலைக்கழகமானாலும் அதில் மாற்றமில்லை. அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் பெண்கள் அக்காமார். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு. எங்களைப் போல இவரும் முனைவர் பட்டம் வாங்கியவர், எங்களைப் போலத் தகுதித் தேர்வு எழுதியவர். ஆய்வு மாணவர்களுக்கு எதை எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பதே இவர்தான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இவர் 'ஆசிரியர் அல்லாதோர்'. நூலக விதிகளை முடிவு செய்யும் கல்விக் குழுவில் இயற்பியல்காரருக்கு இடம் உண்டு, உடற்கல்விக்காரருக்கு இடம் உண்டு, நூலகருக்கு மட்டும் இல்லை.

டீச்சர் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆண்டு விழாவில் குழுப் படம் எடுக்கும்போது அலுவலகக்காரர்களோடு நிற்கச் சொல்வார்கள். அவர் நேராக ஆசிரியர் வரிசைக்கு வந்து, இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் தோளை நுழைத்து நின்றுகொள்வார். எந்த ஆண்டுப் படத்தைப் பார்த்தாலும் அவர் பக்கத்தில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். வேதியியல் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், வாய் நீளமான மனிதர், அவருக்குக் 'கிளாஸ் இல்லாத டீச்சர்' என்று பெயர் வைத்தார். பெயர் வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கும்கூட ஆரம்பத்தில் அது தலைக்கனமாகத்தான் தோன்றியது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தேன்.

கவுண்டரில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புத்தகத்தை நிமிர்த்தி வைக்க விடமாட்டார். எடுத்தாலும் கொடுத்தாலும் முன் அட்டை மேசையைப் பார்த்திருக்க வேண்டும். "கமத்தி வை மக்கா" என்பார். கவிழ்த்து வைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பார்கோடு பின் அட்டையில் இருந்ததால் வசதிக்காகச் சொல்கிறார் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். பார்கோடு வருவதற்கு முன்பிருந்தே அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். வரிசையில் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவன் எடுக்கும் புத்தகத்தைப் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அவருடைய கணினித் திரையும் சுவரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும்.

ஒருமுறை அவர் ஊர்க்காரரே ஒருவர் வந்தார். ரப்பர்ஷீட் வியாபாரி. மகள் எங்களிடம் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது கவுண்டரில்தான் நின்றிருந்தேன்.

"எனக்க மோளு இஞ்ச என்ன பொஸ்தகம் எடுக்காண்ணு ஒண்ணு பாத்துச் சொல்லணும். வீட்டுல சரியாட்டு பேச மாட்டேங்கா."

"எடுத்த பொஸ்தகத்தெ ஒழுங்காட்டு திருப்பித் தந்தா. கிழிக்கல்ல, மடக்கல்ல. பிள்ளைய நல்லாட்டு வளத்திருக்கிய. அதுக்கு மேல சொல்லப்பிடாது."

"நான் அவளுக்க அப்பனாக்கும்."

"அது தெரியும். அவளாட்டு வந்து சொன்னா கேட்டுக்கிடுங்க."

அவர் கோபமாகத்தான் போனார். ஆனால் புதுக்கடை சந்திப்பில் தினமும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியவர்கள் எத்தனை நாள் கோபித்துக்கொள்ள முடியும்? கொஞ்ச நாள் கழித்து, வெளியாட்களுக்கான உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு அவரே புத்தகம் எடுக்க வர ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள் மகள் வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "டீச்சர், அப்பா என்ன பொஸ்தகம் எடுத்தாவ?" என்று கேட்டாள். "சொல்லப்பிடாது" என்றார் டீச்சர், அதே குரலில். அன்று நூலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சிரித்துவிட்டு, அவரிடம் திட்டு வாங்கினேன்.

சிரிக்க முடியாத காரியம் ஒன்றும் பின்னால் வந்தது.

எங்கள் வளாகத்தை ஒட்டி ஒரு குளம் உண்டு. நாஞ்சில் நாட்டில் குளம் இல்லாத இடம் ஏது? அதன் ஒரு கரையை மண்ணிட்டு நிரப்பிப் புதிய கட்டடம் கட்ட நிர்வாகம் திட்டம் போட்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையில் பெயர் போடாத கட்டுரை வந்தது. அந்தக் குளத்திலிருந்து எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் போகிறது, நிரம்பி வழியும் மறுகால் எங்கே பாய்கிறது, அதை அடைத்தால் மழைக்காலத்தில் எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கும் என்றெல்லாம் எழுதியிருந்தது. எழுதியவர் உள்ளே இருக்கும் ஆள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஏனென்றால் அந்த விவரங்கள் முழுவதும் எங்கள் நூலகத்தில் இருந்த பழைய பாசன அறிக்கை ஒன்றில்தான் இருந்தன.

என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் பதிவாளர் அறைக்குப் போயிருந்தேன். டீச்சரையும் அப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுந்தேன். "இரிங்க சார், ரகசியம் ஒண்ணும் இல்ல" என்று பதிவாளர் உட்காரவைத்தார். பதிவாளர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அதனால்தான் அவரிடம் 'இல்லை' என்று சொல்வது கஷ்டம்.

"அக்கா, ஒரு சின்னக் காரியம். அந்தப் பாசன அறிக்கைய யாரு எடுத்தா? பேரு மட்டும் சொன்னாப் போரும்."

"சொல்லப்பிடாது சார்."

"வேற ஆருட்டயும் போவாது. நம்ம வீட்டுக் காரியம் மாதிரி நெனச்சுக்கிடுங்க அக்கா."

"அதாக்கும் சார் கேடு. அக்காண்ணு கூப்பிட்டா ஒரு கிளாஸ் சாயா கேக்கலாம், கூடச் சேத்து ஒரு பேரும் கேக்கலாம். டீச்சர்ட்ட கேப்பியளா?" என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தச் சாறுக்க கிளாஸில எந்தப் பிள்ளை என்ன கேள்வி கேட்டுதுண்ணு எழுதித் தரச் சொல்லுவியளா?"

"சார் டீச்சிங் ஸ்டாஃப். அவரு மேல நான் எதாவது செய்யணும்னா கல்விக் குழு வழியாத்தான் போவணும். நீங்க நான்-டீச்சிங். உங்களுக்கு நான் சொல்றதுதான் ஆர்டர்." பதிவாளர் அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் இந்த மனுஷி சண்டை போட்டது மரியாதைக்காக இல்லை. படத்தில் எந்த வரிசையில் நிற்பது என்பதற்காகவும் இல்லை. ஆசிரியரை நிர்ப்பந்திக்க விதி தடையாக நிற்கும். அக்காவை நிர்ப்பந்திக்க ஒரு தாள் போதும். அந்த ஒரு தாளுக்குப் பின்னால் யாரோ ஒரு பையனோ பெண்ணோ ஒரு பேராசிரியரோ மாட்டிக்கொள்வார்கள்.

"அப்ப ஆர்டரு போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்தார்.

போட்டார்கள். அந்த வாரமே அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைக்கும் அறையில் ஒரு மேசை. காரணம் எதுவும் சொல்லவில்லை, 'நிர்வாக வசதி' என்று மட்டும் இருந்தது. நான் நேராக ஆசிரியர் சங்கச் செயலரிடம் போனேன். அவர் என் நண்பர், என் வயதுக்காரர்.

"அநியாயம்தான். ஆனா அவிய நம்ம சங்கத்து ஆளு இல்லியே" என்றார்.

"அவிய நம்ம ஆளுண்ணு எத்தன வருஷமாட்டு சொல்லிக்கிட்டு இருக்காவ. நாமதானே இல்லண்ணு சொல்லிட்டு இருக்கோம்" என்றேன். என் குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. கேண்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சரைப் பார்க்கப் போனேன். தூசியும் அரக்கும் மணக்கும் அறை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்திருந்தார். மூடியில் எனக்கும் கொஞ்சம் வைத்துத் தந்தார்.

"கஷ்டமாட்டு இருக்கா டீச்சர்?"

"இல்லாம பின்ன? காலம்பற ஸ்கூட்டரு தானாட்டு லைப்ரரி பக்கம் திரும்புது. பிறவு நெனச்சு இஞ்சோட்டுத் திருப்பணும்." கொஞ்ச நேரம் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது, காரத்தால் இல்லை. "ரிட்டயர்டு ஆவுகது வரைக்கும் என்னெ இஞ்ச போட்டாலும் இருப்பேன் சாறே. ஆனா அந்த சீட்டுல இப்ப வேற ஆளாக்கும். நாளைக்கு ஒரு பிள்ளை, பேரு வெளிய போவும்ணு பயந்து ஒரு பொஸ்தகத்தெ எடுக்காமப் போனா, அதுக்குப் பிறவு லைப்ரரி எதுக்கு?"

நூலகத்தில் இப்போது உட்கார்ந்திருந்தவர் கணினிப் பிரிவைச் சேர்ந்த உதவியாளர். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். பதிவாளர் சொன்னபடி அவன் பாசன அறிக்கையின் விவரத்தைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. புத்தகம் திரும்பி வந்த உடனே எடுத்தவர் பெயர் தானாக அழிந்துவிடும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. கணினி வந்த புதிதில் டீச்சரே கேட்டு அப்படி அமைக்க வைத்தாராம். பதிவாளர் ஒரு பெயருக்காக இவ்வளவு தூரம் போனார், அவர் கேட்கும்போதே அந்தப் பெயர் அங்கே இல்லை.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று மதியமே விடைத்தாள் அறைக்கு ஓடினேன்.

"டீச்சர், பேரே இல்லியாமே. அண்ணைக்கே 'இல்ல'ண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாவளே. பொய்யும் இல்ல, உண்மையாக்கும்."

டீச்சர் என்னைக் கணக்கில் கோட்டை விட்ட பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இல்லண்ணு சொன்னா, இருந்திருந்தா குடுத்திருப்பேண்ணு ஆயிராதா சாறே?"

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததை ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தாலும் என்னால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவர் அதை மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு செயலரை விடவில்லை நான். டீச்சர் சொன்ன பதிலைக் கேட்டதும் அவரும் மாறினார். இருவரும் சேர்ந்து கல்விக் குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். நூலகர் ஆசிரியர்களில் ஒருவர். அவரை மாற்றுவதாக இருந்தால் எங்களுக்கு உள்ள அதே விதிப்படிதான் மாற்ற வேண்டும். கல்விக் குழுவில் அவருக்கு இடமும் ஓட்டும் உண்டு. யார் எதைப் படித்தார்கள் என்று சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எதிர்ப்பு நிர்வாகத்தைவிட எங்கள் ஆட்களிடம்தான் அதிகம் இருந்தது. இன்றைக்கு நூலகர் என்றால் நாளைக்கு ஆய்வகக்காரரும் கேட்பார் என்றார் ஒருவர். வகுப்பே எடுக்காதவரை ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது என்றார் இன்னொருவர். தீர்மானம் விழுந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது வேதியியல் பேராசிரியர் எழுந்தார். பெயர் வைத்தவர். போச்சு, இனி கேலியும் சேர்ந்துகொள்ளும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கொஞ்ச வருஷத்துக்கு முன்ன எனக்கு ஒரு சுகக்கேடு வந்துது" என்று ஆரம்பித்தார். "டாக்டரு அதுக்க பேரச் சொன்னப்ப வீட்டுல போய்ச் சொல்லத் தைரியம் இல்ல. மொதல்ல நம்ம லைப்ரரியில அதப் பத்தி ரெண்டு பொஸ்தகம் எடுத்தேன். கவுண்டருல கொண்டு வச்சேன். அவிய பாத்தாவ. ஒண்ணும் கேக்கல்ல. கமத்தி வச்சுத் தந்தாவ. எனக்க பெஞ்சாதிக்குத் தெரியதுக்கு முன்ன அது தெரிஞ்ச ஒரே ஆளு அவியதான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதுக்குப் பிறவும் நான் அவியள கேலி பேசிக்கிட்டுத்தான் திரிஞ்சேன். அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை வெளிய விட்டிருந்தா எனக்க வாய அண்ணைக்கே அடைச்சிருக்கலாம். விடல்ல. டீச்சருண்ணா வேற ஆரு? எனக்க ஓட்டு இதுக்குத்தான்."

தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கினார்கள் என்று சொல்லமாட்டேன். தூக்காதவர்களை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மேல்மட்டத்தில் அது ஒப்புதலாகி வரச் சில மாதங்கள் பிடித்தன. கட்டடத்தையும் நிர்வாகம் வேறு பக்கம் கொண்டுபோனது. குளத்தில் இந்த வருடமும் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. கட்டுரையை எழுதியது யார் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

டீச்சர் நூலகத்துக்குத் திரும்பி வந்து, கல்விக் குழுவில் முதல்முறையாக உட்கார்ந்த நாள் வந்தது. நாங்கள் எல்லோரும் பெருமையாக இருந்தோம். அன்றைய கூட்டத்துக்குச் செயலரே ஒரு சின்னத் தீர்மானம் வைத்திருந்தார். தேடும் புத்தகம் வெளியே போயிருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்று ஆசிரியர்கள் மட்டும் கணினியில் பார்த்துக்கொள்ள வசதி வேண்டும். நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே. நல்ல யோசனை என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் எழுந்தார்.

"பதிவாளருக்கு இல்லாத்த உரிமை சாறன்மாருக்கு எங்க இருந்து வந்துது?" என்றார். "பொஸ்தகம் வேணும்ணா எங்கிட்டச் சொல்லுங்க. நான் கேட்டு வாங்கித் தாறேன். கையில வச்சிருக்கிறது ஆருண்ணு உங்களுக்குத் தெரியண்டாம். பேராசிரியரு கேக்காருண்ணு தெரிஞ்சா, பாதி படிச்ச பொஸ்தகத்தெ அந்தப் பிள்ளை பயந்து கொண்டு தந்துரும்."

ஓட்டுக்கு விட்டார்கள். டீச்சர் எதிர்த்துக் கை தூக்கினார். அவரைப் பார்த்து வேதியியல்காரர் தூக்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு நானும் தூக்கினேன். அப்புறம் இன்னும் பல கைகள் எழுந்தன, தீர்மானம் தோற்றது. டீச்சர் தூக்கிய கையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், அவருக்காக எங்கள் கைகளைத் தூக்கிய நாளில்கூட வந்ததில்லை.

கூட்டம் முடிந்து வராந்தாவில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். செயலருக்கு மனசு ஆறவில்லை.

"இந்த ஓட்ட வாங்கித் தரதுக்கு நாங்க எவ்வளவு பாடுபட்டோம் டீச்சர். மொத ஓட்டே எங்களுக்கு எதிராட்டா?"

டீச்சர் சாயாவை ஊதிக் குடித்தார்.

"நீங்க தந்ததுண்ணு நெனைக்காதீங்க சாறே. அது எனக்குள்ளதாக்கும். இத்தன வருஷமும் உங்க கையில இருந்துது, திருப்பித் தர நாளு கொஞ்சம் கூடிப்போச்சு. போவட்டும், நான் ஃபைன் போடல்ல."